சொரியாசிஸ்: களிம்பை நிறுத்தியதும் திரும்பி வருகிறது, ஆண்டுக்கணக்கில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வெண்மேகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தலையிலும் எனக்குச் சொரியாசிஸ் இருக்கிறது. தோல் மருத்துவர் எழுதிக் கொடுத்த வீரியமான ஸ்டீராய்டு களிம்பைத் தடவினால் சில வாரங்களில் தடிப்பு அமுங்கிவிடுகிறது, செதில் உதிர்வதும் நின்றுவிடுகிறது. நிறுத்திய சிறிது காலத்திலேயே அதே இடத்தில், சில வேளைகளில் முன்பைவிட அகலமாக, மீண்டும் எழும்புகிறது. இது வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய நோய் என்று மருத்துவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் அத்தனை காலம் இதோடு எப்படி வாழ்வது என்று விளக்கும் அளவுக்கு அவருக்கு நேரம் இருக்கவில்லை.

நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். களிம்பை எப்போது, எப்படி நிறுத்துகிறீர்கள்? களிம்பு மட்டும் போதாது என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது. ஒட்டிக்கொள்ளாது என்று தெரிந்திருந்தும் குழந்தையைத் தூக்கும்போது மனம் தயங்குகிறது.

மூன்றாம்பிறை எழுதியது:

வணக்கம் வெண்மேகம். பதின்ம வயதிலிருந்தே எனக்கு இந்த நோய் உண்டு. உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன்: குழந்தையை எந்தத் தயக்கமும் இல்லாமல் தூக்குங்கள். தொடுவதாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்துவதாலோ, ஒரே படுக்கையில் உறங்குவதாலோ இது பரவாது. இது கிருமியால் வருவதன்று. உடலின் எதிர்ப்பு மண்டலம் தோலின் மீது தேவையில்லாமல் தூண்டப்படுவதால் வருவது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு ஓரளவு கூடுவது உண்மைதான். ஆனால் அது மரபணு வழியாக வருவது, தொடுதலோடு அதற்குத் தொடர்பே இல்லை.

களிம்பை நிறுத்தினால் ஏன் திரும்பி வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சாதாரணமாகத் தோலின் அடிப்பகுதியில் பிறக்கும் ஓர் உயிரணு மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் அதே பயணம் மூன்று முதல் ஐந்து நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிர்வதற்கு நேரம் கிடைக்காத அணுக்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து வெள்ளிநிறச் செதிலாகின்றன. இந்த வேகத்தைத் தூண்டுவது டி.என்.எஃப்., இன்டர்லூக்கின் 17, இன்டர்லூக்கின் 23 என்னும் சமிக்ஞைப் புரதங்கள். ஸ்டீராய்டு அந்தச் சமிக்ஞைகளை அடக்குகிறது, ஆனால் அவற்றை எழுப்பும் இயல்பை மாற்றுவதில்லை. தடிப்பு மறைந்த இடத்திலும் பழைய அழற்சியை நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்பு அணுக்கள் தங்கிவிடுகின்றன. அதனால்தான் பெரும்பாலும் அதே இடத்தில் திரும்பி வருகிறது. ஆகவே நோய் திரும்பியதற்காக உங்கள் மீதோ மருந்தின் மீதோ குற்றம் காண வேண்டாம்.

நிறுத்தும் முறைக்கு வருகிறேன். குளோபெடசோல் போன்ற மிக வீரியமான ஸ்டீராய்டை ஒரே இடத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இடைவிடாமல் தடவக் கூடாது என்றே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. தோல் மெலிவதும், வரிவரியாகத் தழும்பு விழுவதும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் வெளியே தெரிவதும் அதை மீறுவதால் வருபவை. அதே சமயம், தடிப்பு அமுங்கிய அன்றே ஒரேயடியாக நிறுத்துவதும் சரியான வழியன்று. எனக்குப் பலன் கொடுத்த முறை இது: தடிப்பு அடங்கிய பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று குறைத்துக்கொண்டு, மற்ற நாட்களில் கால்சிபோட்ரியால் என்னும் வைட்டமின் டி வகைக் களிம்பைத் தடவுவது. அது மெதுவாக வேலை செய்யும், ஆனால் தோலை மெலிய வைக்காது. வாரம் இரு முறைப் பராமரிப்பு நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உங்கள் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "அடங்கிய பிறகு பராமரிப்புக்கு என்ன செய்ய வேண்டும்?" பெரும்பாலான மருந்துச்சீட்டுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதப்பட்டிருப்பதில்லை. கேட்டால் எழுதித் தருவார்கள்.

முகத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வீரியமான ஸ்டீராய்டு வேண்டாம். அங்கே தோல் மெல்லியது. அந்த இடங்களுக்கு ஸ்டீராய்டு அல்லாத டேக்ரோலிமஸ் களிம்பை மருத்துவர்கள் எழுதுவதுண்டு. முதல் சில நாட்கள் எரிச்சல் இருக்கும், பிறகு பழகிவிடும்.

கடலோரம் எழுதியது:

தோல் நோய்ப் பிரிவில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். மூன்றாம்பிறை அவர்கள் எழுதியதோடு உடன்படுகிறேன். தடவும் அளவைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் "களிம்பு வேலை செய்யவில்லை" என்று வந்தவர்களில் பலர் தேவையான அளவில் சிறு பகுதியைத்தான் தடவிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கி வைக்கும் களிம்பு ஏறத்தாழ அரை கிராம் இருக்கும். பெரியவர் ஒருவரின் விரல்கள் சேர்ந்த இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள தோலுக்கு அது போதும். ஒரு கை முழுவதற்கும் இப்படி மூன்று, ஒரு காலுக்கு ஆறு, முதுகுக்கு ஏழு தேவைப்படும். இந்தக் கணக்கு தெரிந்தால், ஒரு சிறிய குழாய் எத்தனை நாள் வரவேண்டும் என்பதும் தெரியும். மாதக் கணக்கில் அது தீரவில்லை என்றால் குறைவாகத் தடவுகிறோம் என்று பொருள். சீக்கிரமே தீர்ந்தால், களிம்பால் மட்டும் சமாளிக்கக்கூடிய பரப்பை நோய் தாண்டிவிட்டது என்று பொருள். இரண்டையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது செதில். தடித்த செதிலின் மேல் தடவிய மருந்து கீழே இறங்குவதில்லை. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளித்து, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரம் உலருமுன் மணமற்ற மாய்ஸ்சரைசரைத் தாராளமாகத் தடவ வேண்டும். முடி வளரும் திசையில் தடவினால் மயிர்க்கால்களில் அழற்சி வராது. மிகவும் தடித்த இடங்களில் சாலிசிலிக் அமிலம் கலந்த களிம்பு செதிலைக் கரைக்கும். ஆனால் அதையும் கால்சிபோட்ரியாலையும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் தடவாதீர்கள். அமிலம் பட்டால் கால்சிபோட்ரியால் செயலிழந்துவிடும். இரண்டும் தனித்தனிச் சீட்டுகளில் எழுதப்பட்டு வீடு வந்து சேரும்போது இதைச் சொல்ல ஆள் இருப்பதில்லை.

தலைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இரவில் எண்ணெயோ சாலிசிலிக் அமிலம் கலந்த தைலமோ தடவி ஊறவைத்து, காலையில் தார் கலந்த ஷாம்பு போட்டு, சில நிமிடங்கள் விட்டு அலச வேண்டும். இளகிய செதிலை மட்டும் அகலப்பல் சீப்பால் மெல்ல எடுக்கலாம். நகத்தால் பெயர்த்தால் புள்ளிப் புள்ளியாக இரத்தம் கசியும், அந்தக் காயமே புதிய தடிப்புக்கு வித்தாகும். காயம் பட்ட இடத்தில் சொரியாசிஸ் முளைக்கும் இந்த இயல்பை 19ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிச் கெப்னர் என்னும் மருத்துவர் விவரித்திருக்கிறார். அவர் பெயராலேயே இன்றும் அது வழங்குகிறது. இறுக்கமான இடுப்புப்பட்டை, உரசும் காலணி, சொறிதல், வெயிற்புண் எல்லாம் இதில் அடங்கும். செதில் கொத்துக் கொத்தாக வரும்போது முடியும் சேர்ந்து உதிரலாம். நோய் அடங்கினால் அது பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும்.

பாரஃபின் கலந்த களிம்புகளைத் தடவுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவை ஊறிய துணியிலும் படுக்கை விரிப்பிலும் தீ மிக வேகமாகப் பற்றும். அடுப்பருகே போகுமுன் உடை மாற்றிக்கொள்ளுங்கள்.

நெடுவழி எழுதியது:

என் அனுபவத்தையும் பதிவு செய்கிறேன். எல்லா மருந்தையும் விட்டுவிட்டு உணவை முற்றிலும் மாற்றினேன். மாவுப் பண்டங்கள், பால் பொருட்கள், இறைச்சி அனைத்தையும் நிறுத்திய சில மாதங்களில் என் தோல் தெளிந்தது, அதற்குப் பிறகு பெரிதாக வரவில்லை. மருந்துகள் நோயை உள்ளே அமுக்குகின்றன என்றும், உணவே அடிப்படை என்றும் உறுதியாக நம்புகிறேன். வெண்மேகம் அவர்கள் களிம்புகளை நம்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாம்பிறை எழுதியது:

நெடுவழி ஐயா, உங்கள் தோல் தெளிந்தது உண்மையாகவே மகிழ்ச்சி தருகிறது. ஆனால் உங்கள் கடைசி வாக்கியத்தை மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைப் படிக்கும் ஒருவர் அதை அப்படியே செய்தால் ஆபத்தில் முடியலாம்.

இந்த நோய் தானாகவே ஏறி இறங்கும் தன்மை கொண்டது. எதுவும் செய்யாமலேயே மாதக் கணக்கில் அடங்கிக் கிடப்பவர்களும் உண்டு. ஆகவே ஒருவருக்குத் தெளிந்த காலத்தில் அவர் எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதுவே காரணம் என்று தோன்றுவது இயல்பு, எனினும் அது சான்றாகாது. எல்லோருக்கும் பொருந்தும் விலக்குப் பட்டியல் எதையும் ஆய்வுகள் உறுதி செய்யவில்லை. உறுதியான சான்று உள்ளவை குறைவு, ஆனால் முக்கியமானவை: உடல் எடை கூடுதலாக உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் நோயின் தீவிரம் குறைகிறது, மருந்துகளும் மேலும் நன்றாக வேலை செய்கின்றன. புகைபிடித்தலும் மிகுதியான மதுவும் நோயைக் கூட்டுகின்றன. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை விலக்குவது, அதனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் உள்ளவர்களுக்கு மட்டுமே உதவக்கூடும், அதைச் சோதனை செய்து பார்த்துக்கொள்ளலாம். உணவைச் சீராக்குவது சொரியாசிஸ் உள்ளவர்களுக்குக் கூடுதலாக உள்ள இதய நோய், நீரிழிவு ஆபத்தைக் குறைக்கும் என்பதே எனக்குப் போதுமான காரணம். அதைச் சிகிச்சையோடு சேர்த்துச் செய்வோம்.

மருந்தைத் திடீரென நிறுத்துவது பற்றி இன்னும் கடுமையாகவே சொல்கிறேன். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைத் திடீரென நிறுத்தினால், உடல் முழுவதும் சீழ்க் கொப்புளங்கள் கிளம்பும் வகையாகவோ, உடலெங்கும் தோல் சிவந்து உரியும் வகையாகவோ நோய் மாறலாம். அந்நிலையில் உடல் வெப்பத்தையும் நீரையும் காத்துக்கொள்ள முடியாது. மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அவசர நிலை அது. இதனாலேயே சொரியாசிஸுக்கு ஸ்டீராய்டை வாய்வழியே கொடுப்பதைத் தோல் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். உட்பொருள் எழுதாத "இயற்கை" களிம்புகளிலும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தது உலகின் பல பகுதிகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. வியக்கத்தக்க வேகத்தில் குணமாக்கும் ஒன்றில் உட்பொருள் பட்டியல் இல்லை என்றால் அதைத் தொடாதீர்கள்.

நெடுவழி எழுதியது:

நீங்கள் சொல்வதில் ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. உணவைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் அதை மருந்துக்கு எதிராக நிறுத்தாமல் பேசலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நீலக்குறிஞ்சி எழுதியது:

இந்த இழையில் இதுவரை மூட்டுகளைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவர் வரை மூட்டுவாதத்துக்கு உள்ளாகிறார்கள். பெரும்பாலும் தோல் நோய் முதலில் வந்து, பல ஆண்டுகள் கழித்தே மூட்டு நோய் வருகிறது. எனக்கும் அப்படித்தான்: நகங்களில் ஊசியால் குத்தியதுபோல் சிறு குழிகள் விழுந்தன, பிறகு குதிகாலின் பின்புறம் வலித்தது, பிறகு ஒரு கால்விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கியது. மூன்றையும் மூன்று தனித்தனி உபாதைகளாகக் கருதி வேறு வேறு மருத்துவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை ஒரே நோயின் மூன்று முகங்கள் என்று முடக்குவாத நிபுணர் ஒருவர்தான் சொன்னார்.

வெண்மேகம், உங்களுக்கு உச்சந்தலையில் நோய் இருப்பதால் இதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள். உச்சந்தலையிலும் நகத்திலும் பின்புற இடுக்கிலும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டுவாதம் வரும் வாய்ப்பு சற்று அதிகம். காலையில் எழுந்ததும் அரை மணிக்கு மேல் மூட்டுகள் விறைத்திருந்தாலோ, நடமாட நடமாட அந்த விறைப்பு குறைந்தாலோ, ஓய்வில் இருக்கும்போது கீழ்முதுகு வலித்து எழுந்து நடந்தால் தணிந்தாலோ, தோல் மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள். சாதாரணத் தேய்மான வலி ஓய்வில் குறையும். இது ஓய்வில் கூடும். முடக்குவாதத்தைக் காட்டும் ருமட்டாய்டு காரணி என்னும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இல்லை என்று அறிக்கை வந்தாலும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம், ஏனெனில் இந்த வகை மூட்டுவாதத்தில் அது பெரும்பாலும் காணப்படாது. அரித்துப்போன எலும்பு திரும்பாது என்பதால், மாதக் கணக்கில் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்றை இழக்கிறோம். கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினாலும் தாமதிக்கக் கூடாது. விழி நடுப்படல அழற்சியும் இதோடு சேர்ந்து வருவதுண்டு.

நகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நகம் மஞ்சளித்துத் தூக்கிக்கொண்டால் அது பூஞ்சையாகவும் இருக்கலாம், சொரியாசிஸாகவும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். துணுக்கு எடுத்துச் சோதித்த பிறகே பூஞ்சை மாத்திரை சாப்பிடுவது நல்லது. சரியான சிகிச்சை கிடைத்தாலும் கைவிரல் நகம் முழுதாக வளர்ந்து மாற ஏறத்தாழ ஆறு மாதம் ஆகும், கால்விரல் நகத்துக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும்.

வெண்மேகம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விறைப்பு எதுவும் இப்போது இல்லை, ஆனால் இனிக் கவனிப்பேன். எனக்குள்ள முக்கியமான இடர்ப்பாட்டை இப்போது சொல்கிறேன். மருத்துவர் என் முழங்கையைப் பார்த்துவிட்டு "கொஞ்சம்தானே இருக்கிறது" என்கிறார். பரப்பளவில் அது உண்மைதான். ஆனால் தலையிலிருந்து தோளில் விழும் செதிலால் நான் அடர்நிற உடை அணிவதில்லை, கூட்டங்களில் முன்வரிசையில் அமர்வதில்லை, அரிப்பால் இரவில் பல முறை விழித்துக்கொள்கிறேன். "கொஞ்சம்தான்" என்ற சொல்லுக்கு முன்னால் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

கடலோரம் எழுதியது:

வெண்மேகம், இந்த இழையிலேயே மிகவும் தேவையான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

நோயின் அளவை மருத்துவர்கள் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டும். ஒன்று பரப்பு. விரல்கள் சேர்ந்த உங்கள் உள்ளங்கை உங்கள் உடற்பரப்பில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. பத்து உள்ளங்கைக்கு மேல் பரவியிருந்தால் அது தீவிர நோய் என்று எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மற்றொன்று, அந்த நோய் உங்கள் வாழ்க்கையிலிருந்து எவ்வளவைப் பறிக்கிறது என்பது. அதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஃபின்லே, கான் என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட, தோல் நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள் அது. கடந்த ஒரு வாரத்தைப் பற்றிப் பத்தே கேள்விகள்: அரிப்பும் வலியும், கூச்சம், உடைத் தேர்வு, வேலை, விளையாட்டு, நெருங்கியவர்களோடு உறவு, சிகிச்சையே ஒரு சுமையாக இருக்கிறதா என்பது வரை. மொத்த மதிப்பெண் 30. பத்துக்கு மேல் போனால், பரப்பு சிறியதாக இருந்தாலும் நோய் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கிறது என்று பொருள். அதை வீட்டிலேயே நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். "கூச்சமாக இருக்கிறது" என்ற வாக்கியத்தைவிட, மேசைமேல் வைக்கப்படும் ஓர் எண்ணுக்கு மருத்துவரின் குறிப்பேட்டில் இடம் எளிதாகக் கிடைக்கிறது. இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்றே சொல்வேன், ஆனாலும் பலன் தருகிறது.

மேலும் ஒன்று. சர்வதேச சொரியாசிஸ் கவுன்சில் 2020இல் ஒரு வரையறை வெளியிட்டது. உடற்பரப்பில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் நோய் இருந்தாலோ, உச்சந்தலை, முகம், உள்ளங்கை, உள்ளங்கால், பிறப்புறுப்பு போன்ற சிறப்பு இடங்களில் இருந்தாலோ, களிம்புகள் பலனளிக்காமல் போயிருந்தாலோ, இம்மூன்றில் ஒன்று பொருந்தினாலே உடல் முழுவதற்குமான சிகிச்சைக்கு அந்த நோயாளி தகுதியானவர் என்பது அதன் சாரம். உங்களுக்கு இவற்றில் எவை பொருந்துகின்றன என்று நீங்களே பாருங்கள்.

ஒளிப்படமும் எடுங்கள். நோய் மிகுந்திருக்கும் நாளில் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாள் பெரும்பாலும் நல்ல நாளாகவே அமைந்துவிடுகிறது. கருமையான தோலில் சிவப்பு தெரிவதில்லை. ஊதா அல்லது சாம்பல் கலந்த பழுப்பாகவே தடிப்பு தெரியும், அதனால் அழற்சியின் அளவைக் குறைத்து மதிப்பிடும் வாய்ப்பு உண்டு. அப்படி எனில் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மழைக்குருவி எழுதியது:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளுக்குத் தொண்டைப் புண் வந்து இரண்டு மூன்று வாரங்களுக்குப் பிறகு உடம்பெங்கும் மழைத்துளி அளவில் சிறு சிறு படைகள் கிளம்பின. சொரியாசிஸ் என்கிறார்கள். இவளுக்கும் வாழ்நாள் முழுவதும் இருக்குமா?

கடலோரம் எழுதியது:

கலங்க வேண்டாம் சகோதரி. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து பிள்ளைகளுக்கும் இளையவர்களுக்கும் வரும் துளி வகைச் சொரியாசிஸ் இது. பலருக்கு மூன்று நான்கு மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். ஒரு பகுதியினருக்கு மட்டும் பிற்காலத்தில் தடிப்பு வகையாக நிலைக்கலாம். தொண்டைத் தொற்று இன்னும் இருக்கிறதா என்று பரிசோதித்து அதற்குச் சிகிச்சை பெறுங்கள். பரவலாக இருந்தால் ஒளிச்சிகிச்சை நன்றாகக் கேட்கும். பள்ளியில் ஆசிரியரிடம் இது ஒட்டாது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்தச் சுமையைக் குழந்தை தூக்க வேண்டியதில்லை.

மூன்றாம்பிறை எழுதியது:

களிம்புக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று வெண்மேகம் கேட்டதற்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. இவற்றில் பெரும்பாலானவற்றை நான் கடந்து வந்திருக்கிறேன்.

ஒளிச்சிகிச்சையில் 311 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட குறுகிய புற ஊதா பி கதிரைப் பயன்படுத்துகிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று முறை சென்று நிற்க வேண்டும். பொதுவாக 20 முதல் 30 அமர்வுகளில் நல்ல பலன் தெரியும். உள்ளுறுப்புகளைப் பாதிக்காது, கருவுற்றவர்களும் பெறலாம். மருத்துவமனைக்கு அத்தனை முறை சென்று வருவதுதான் இதன் சுமை. மொட்டை வெயிலில் நின்று அதே பலனைப் பெறலாம் என்று எண்ண வேண்டாம், தோல் வெந்தால் அந்த இடத்திலேயே புதிய தடிப்பு வரும்.

மெத்தோட்ரெக்ஸேட் பழைய மருந்து. நன்கு அறியப்பட்ட மருந்து. இதைப் பற்றி ஒன்றை உரக்கச் சொல்ல வேண்டும்: சொரியாசிஸுக்கு இதை வாரத்தில் ஒரு முறை மட்டுமே எடுக்க வேண்டும். நாள்தோறும் எடுத்து உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்பதை மருந்துப் பெட்டியின் மேலேயே எழுதி வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும். ஃபோலிக் அமில மாத்திரையையும் மருத்துவர் சேர்த்தே எழுதுவார். இரத்த அணுக்கள், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. மதுவைத் தவிர்க்க வேண்டும். டிரைமெத்தோபிரிம் கலந்த கிருமிக்கொல்லி மாத்திரைகளை இதோடு சேர்த்தால் எலும்பு மச்சை கடுமையாகப் பாதிக்கப்படலாம் என்பதால், எந்த நோய்க்கு எந்த மருத்துவரிடம் போனாலும் "நான் மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைப் பேற்றைத் திட்டமிடுபவர்கள் இதைத் தொடங்கும் முன்பே பேச வேண்டும். அசிட்ரெட்டின் என்னும் மாத்திரை இன்னும் கண்டிப்பானது: அதை நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது.

பயாலஜிக் ஊசிகள் நான் முன்பு சொன்ன சமிக்ஞைப் புரதங்களையே குறிவைத்துத் தடுப்பவை. 2000களில் டி.என்.எஃப். தடுப்பிகள் வந்தன. 2009இல் உஸ்டெகினுமாப், 2015இல் இன்டர்லூக்கின் 17ஐத் தடுக்கும் செகுகினுமாப், 2017இல் இன்டர்லூக்கின் 23ஐத் தடுக்கும் குசெல்குமாப் ஆகியவை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. தோல் ஏறத்தாழ முழுவதும் தெளிவது சாத்தியம் என்ற நிலையை இவைதாம் கொண்டு வந்தன. தொடங்கும் முன் மறைந்திருக்கும் காசநோயும் கல்லீரல் அழற்சி பி கிருமியும் இருக்கின்றனவா என்று பார்ப்பது கட்டாயம். ஊசி எடுக்கும் காலத்தில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகள் கூடாது. குடல் அழற்சி நோய் உள்ளவர்களுக்கு இன்டர்லூக்கின் 17 தடுப்பிகள் பொருந்தாமல் போகலாம் என்பதால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இவற்றில் எது சிறந்தது என்று பொதுவில் கேட்டுப் பயனில்லை. நீங்கள் பல ஆண்டுகள் தளராமல் தொடரக்கூடியது எது என்று கேளுங்கள். ஒருவருக்கு நாள்தோறும் களிம்பு தடவுவது எளிது, மாதம் ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்வது கடினம். இன்னொருவருக்கு நேர்மாறாக இருக்கும். மருத்துவரிடம் நோயின் கதையோடு உங்கள் நாளின் கதையையும் சொன்னால்தான் அவரால் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க முடியும். வேறு நோய்களுக்கு எடுக்கும் மருந்துகளின் பட்டியலையும் கொண்டு செல்லுங்கள். மனநல மருந்தான லித்தியம், இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் பீட்டா தடுப்பிகள், மலேரியாவுக்கான சில மருந்துகள் ஆகியவை சொரியாசிஸைக் கூட்டக்கூடியவை. அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மாற்று உண்டா என்று கேட்க வேண்டும்.

அந்திவானம் எழுதியது:

மனத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபெர்டினாண்ட் ஹெப்ரா தெளிவாகப் பிரித்துக் காட்டும் வரை சொரியாசிஸையும் தொழுநோயையும் மருத்துவ உலகமே குழப்பிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய அச்சத்தின் மிச்சத்தைத்தான் இன்றும் நம் கையைப் பார்த்துவிட்டுத் தம் கையை இழுத்துக்கொள்பவரிடம் காண்கிறோம். உலக சுகாதார அமைப்பு 2014இல் இதைக் கடுமையான தொற்றா நோயாக அங்கீகரித்துத் தீர்மானம் இயற்றியது; 2016 அறிக்கையில், உலகில் குறைந்தது 10 கோடிப் பேர் இந்த நோயோடு வாழ்வதாகக் கூறி, பாகுபாடும் ஒதுக்குதலும் நோயின் சுமையை எப்படிக் கூட்டுகின்றன என்பதற்கும் இடம் ஒதுக்கியது.

மன அழுத்தம் நோயைக் கூட்டுகிறது, நோய் மன அழுத்தத்தைக் கூட்டுகிறது. "கவலைப்படாதே, சரியாகிவிடும்" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஏனெனில் நோய் வந்ததற்கு நம் கவலையையே குற்றவாளியாக்குகிறார்கள். ஆயினும் மனத்துக்குச் செய்யும் உதவி தோலுக்கும் உதவுகிறது என்பது உண்மை. ஜான் கபாட்-ஜின் குழுவினர் 1998இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒன்றில், ஒளிச்சிகிச்சையின்போது மனஒருமைப் பயிற்சி ஒலிப்பதிவைக் கேட்டவர்களுக்கு மற்றவர்களைவிட விரைவாகத் தோல் தெளிந்தது. மனச்சோர்வு சொரியாசிஸ் உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவதால், உறக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் வாரக் கணக்கில் நீடித்தால் அதற்கும் மருத்துவ உதவி பெறுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டினால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் நம்பிக்கையான ஒருவரிடமும் மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வெளியாட்களிடம் சொல்ல நான் ஒரே வாக்கியத்தை வைத்திருக்கிறேன்: "இது சொரியாசிஸ், எதிர்ப்பு மண்டலத்தின் கோளாறு, ஒட்டாது." முடிவெட்டுபவரிடம் இருக்கையில் அமருமுன்னே சொல்லிவிடுகிறேன். அவர் சீப்பை வைத்துவிட்டுத் தயங்கும் அந்தக் கணம் வராமல் தடுக்க அது போதுமானதாக இருக்கிறது.

வெண்மேகம் எழுதியது:

கேள்வித்தாளை நிரப்பினேன், மதிப்பெண் பத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த சந்திப்புக்கு அதையும் ஒளிப்படங்களையும் எடுத்துச் செல்கிறேன். தலைக்கு ஏற்ற சிகிச்சை, அடங்கிய பிறகான பராமரிப்பு, களிம்புக்கு அடுத்த படி ஆகிய மூன்றையும் கேட்கப் போகிறேன். அந்திவானம் அவர்களின் வாக்கியத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் ஒரே ஒரு ஐயம். ஒரு முழங்காலில் செதில் முற்றிலும் போய்விட்டது, ஆனால் அந்த இடம் கறுத்தே இருக்கிறது. அது மறையும் வரை ஸ்டீராய்டைத் தொடர வேண்டுமா?

கடலோரம் எழுதியது:

தொடரக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள தோலோடு சமமாக, மழமழப்பாக இருந்தால் அங்கே நோய் அடங்கிவிட்டது. எஞ்சியிருப்பது அழற்சி விட்டுச் சென்ற நிறம் மட்டுமே. அந்தக் கறுப்பு அல்லது வெளுப்பு மறையப் பல மாதங்கள் ஆகலாம். ஸ்டீராய்டு அதை விரைவுபடுத்தாது, தோலை மெலிய வைக்கத்தான் செய்யும். விரலுக்கு மேடாகவோ சொரசொரப்பாகவோ தட்டுப்பட்டால் அங்கு மட்டும் இன்னும் மருந்து தேவை. சமமாகிவிட்ட இடத்துக்கு மாய்ஸ்சரைசரும், மருத்துவர் ஒப்புக்கொண்டால் வாரம் இரு முறைப் பராமரிப்பும் போதும். சந்திப்பு முடிந்ததும் அவர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள்; தலைக்கு எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.